ரெண்டு பக்கமும் கமிஷன்

பெருங்களத்தூர் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு ஜீவானந்தத்தைத் தெரியும். மீதிப் பேர் அவரை விட்டுவிட்டு நேராகப் போய் வாங்கி, பிறகு வில்லங்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்பது அவருடைய கட்சி. அப்பா பம்மலில் தோல் பதனிடும் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அந்த நாற்றம் நமக்கு வேண்டாம் என்றுதான் மகன் வெள்ளைச் சட்டை போடுகிற தொழிலுக்கு வந்தார். சட்டை இன்றைக்கும் வெள்ளைதான், கஞ்சி போட்டுத் தேய்த்ததுதான். மரியாதை மட்டும் சட்டையோடு சேர்ந்து வரவில்லை. ஊரில் அவர் பெயர் புரோக்கர் ஜீவா. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கைகொடுக்கும் போதகர்கூட, “எப்படி இருக்கீங்க புரோக்கர்?” என்றுதான் கேட்பார். ஜீவானந்தம் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பையும் கழற்றி வைப்பார்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர், அதில் எதிரிக்கும் சந்தேகம் இல்லை. மழைக்காலத்தில் யாருக்கும் மனை காட்ட மாட்டார். சித்திரை வெயிலில், தரை பிளந்து கிடக்கும்போதுதான் கூட்டிப் போவார். விலையை முதலில் தன் வாயால் சொல்ல மாட்டார். வாங்குகிறவரும் விற்கிறவரும் அட்வான்ஸ் கைமாறும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விடமாட்டார். பார்த்தால் சிரித்துப் பேசி, புரோக்கரைக் கழற்றிவிட்டு விடுவார்கள். எல்லாம் முடிந்ததும் ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்வார். இதில் ஒளிவுமறைவு கிடையாது. தாம்பரம் பக்கத்து மனைத் தொழிலில் அதுதான் வழக்கம். விற்கிறவர் ரெண்டு பர்சன்ட், வாங்குகிறவர் ரெண்டு பர்சன்ட். ஒரு பக்கம் வாங்காமல் விட்டால்தான், ‘இவன் அந்தப் பக்கத்து ஆளோ’ என்று சந்தேகப்படுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் பாக்சிங் பக்கம் வந்ததற்குக் காரணம் அவருடைய மச்சான் அசரியா. மனைவி ஜான்சியின் தம்பி. அப்பார்ட்மென்ட்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வயது முப்பத்துமூன்று, எடை நூறு கிலோவுக்கு மேல், ஆறடி உயரம். அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தால் சோபாவில் உட்கார விடமாட்டாள் ஜான்சி. ஏற்கெனவே ஒரு சோபா போய்விட்டது. பதினாறு வயதிலிருந்து பாக்சிங். ஹெவிவெயிட்.

நம் ஊரில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன் படுகிற பாட்டை அவன்தான் சொல்ல வேண்டும். ஒல்லிப் பையன்களுக்குத் தெருவுக்குத் தெரு எதிராளி கிடைப்பான். நூறு கிலோ ஆளுக்கு எங்கே போவது? அந்த உடம்பு உள்ளவர்கள் பளு தூக்கப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் யாராவது தலைவருக்குப் பாதுகாப்பாகப் போய்விடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு சண்டை கிடைத்தால் பெரிய விஷயம். அந்த ஒரு சண்டைக்காக அசரியா தினமும் லாரி ஓட்டி முடித்துவிட்டு, உடம்பு வலிக்க வலிக்க மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான்.

அவன் மாநில ஹெவிவெயிட் சாம்பியன்தான். ஆனால் இன்னொருத்தனும் சாம்பியன். குன்றத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள சிட்டிபாபுவின் மகன் வெற்றிவேல். நடந்தது இதுதான். முன்பு சாம்பியனாக இருந்தவர் துபாய்க்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. பட்டம் காலியாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கம் ரெண்டாக உடைந்தது. யார் தலைவர் என்பதில் சண்டை. பழைய சங்கம் ஒரு போட்டி வைத்தது. எதிராளி வராததால் வெற்றிவேலுக்குப் பெல்ட் கட்டியது. புதுச் சங்கம் இன்னொரு போட்டி வைத்தது. வேலூர்க்காரன் ஒருவனை மூன்றாவது ரவுண்டில் படுக்க வைத்த அசரியாவுக்கு அவர்கள் பெல்ட் கட்டினார்கள். ஒரே பட்டம், ரெண்டு பெல்ட்.

“ஒரே மனைய ரெண்டு பேருக்கு ரிஜிஸ்டர் பண்ணி வெச்சிருக்கானுங்க” என்று ஜீவானந்தம் சொன்னார். அவருக்குப் புரிகிற பாஷை அது.

அசரியாவுக்கு அது தமாஷாக இல்லை. லாரியைக் கொண்டுபோய் அப்பார்ட்மென்ட் வாசலில் நிறுத்தினால் வாட்ச்மேன், “இன்னா சாம்பியன், குன்றத்தூர் சாம்பியன் சௌக்கியமா?” என்பான். டீக்கடையில் ஒருத்தன், “நீங்க ரெண்டு பேரும் எப்பதாம்பா அட்ச்சிப்பீங்க?” என்பான். பதினேழு வருஷம் அடி வாங்கிக் கிடைத்த பெயரை, பாதிப் பெயர் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. முட்டி வேறு தேய ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு சண்டை, மிஞ்சிப்போனால் ரெண்டு. அதற்குள் ஒரே சாம்பியன் என்று பெயர் வாங்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

வழி பிறந்தது ஆடி மாசத்தால். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஷ்யாம்சுந்தர் என்பவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கும், கரண்ட் பில் மட்டும் வரும். சும்மா கிடக்கிற மண்டபத்தில் குத்துச்சண்டை நடத்தினால் என்ன என்று ஷ்யாம்சுந்தருக்குத் தோன்றியது. ரெண்டு சாம்பியனையும் மோதவிட்டு, ஜெயித்தவன்தான் ஒரே சாம்பியன் என்று ரெண்டு சங்கமும் சேர்ந்து அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்காக ஒரு கூட்டுக் கமிட்டியும் போட்டார்கள். சண்டைக்காக வீரர்களுக்குக் கொடுக்கும் தொகையைப் பாக்சிங்காரர்கள் பர்ஸ் என்பார்கள். அந்தப் பர்ஸைப் பேசி முடிக்க ரெண்டு பக்கமும் ஆள் வேண்டும்.

அசரியா அக்கா வீட்டுக்கு வந்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“மாமா, நீதான் வந்து பேசணும். எனக்குப் பேச வராது. கோவம் வந்துடும்.”

“துட்டு எவ்ளோ எதிர்பார்க்கற?”

“துட்டு கொஞ்சம் கம்மியானா பரவால்ல மாமா. ஆனா நான்தான் கடசியா உள்ள வரணும். சாம்பியன்தான் கடசியா வருவான். அவன் மொதல்ல வந்து நின்னுகினு எனக்காகக் காத்துனு இருக்கணும்.”

“பேசறேன். இன்னான்னு சொல்லி என்னைக் கூட்டினு போவ? புரோக்கர்னா?”

அசரியா சிரித்தான். “மேனேஜர்னு சொல்றேன் மாமா. பாக்சருக்கு மேனேஜர் கீறாங்கல்ல?”

ஜான்சி சமையலறையிலிருந்து, “மேனேஜர் சாருக்குக் காபி வேணுமா?” என்று கிண்டல் செய்தாள். ஜீவானந்தம் வேண்டாம் என்றார். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தை அவர் காதுக்குள்ளேயே இருந்தது. ஆடியில் எவனும் மனை வாங்க மாட்டான், தொழில் படுத்திருக்கும். அதனால்தான் ஒத்துக்கொண்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். அது பொய். நிற்க நேரமில்லாத தை மாசமாக இருந்தாலும் போயிருப்பார்.

ஆனி முடிவதற்குள் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று சிட்டிபாபு கறாராகச் சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் அவர் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். முதல் பேச்சுவார்த்தை மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், நீள மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நடந்தது. ஷ்யாம்சுந்தர் மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டு, வெற்றிவேலுக்கு அதில் அறுபது பங்கு, அசரியாவுக்கு நாற்பது என்றார். குன்றத்தூரிலிருந்து பஸ் வைத்து ஆள் வருவார்கள், டிக்கெட் அவர்களால்தான் விற்கும் என்று காரணமும் சொன்னார்.

ஜீவானந்தம் டீ கேட்டார். டீ வந்ததும் அதை ஆற்றி ஆற்றி மெதுவாகக் குடித்தார். பிறகு, “பார்ட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று எழுந்தார். பார்ட்டி வெளியில் லாரியில்தான் உட்கார்ந்திருந்தான். ஜீவானந்தம் அவனைக் கேட்கவும் இல்லை, அடுத்து வந்த போன்கள் எதையும் எடுக்கவும் இல்லை. ஒரு வாரம் ஷ்யாம்சுந்தர் தவியாய்த் தவித்துவிட்டு அவர் வீட்டுக்கே வந்தார். தொகை சமமானது. இத்தனை சுலபமாகச் சமமானதில் ஜீவானந்தத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

கஷ்டமானது மற்ற விஷயங்கள்தான். யார் கடைசியாக உள்ளே வருவது என்பதில் சிட்டிபாபு மசியவில்லை. “எம் புள்ள சாம்பியன், அவன் ஏன் மொதல்ல வரணும்?” என்றார். அதைவிடப் பெரிய பேஜார், வீரர்கள் உடை மாற்றும் அறை. கல்யாண மண்டபம்தானே? மணமகன் அறை ஒன்று, மணமகள் அறை ஒன்று. கதவுக்கு மேலே பித்தளை எழுத்தில் பெயர் பதித்திருக்கிறது. மணமகள் அறையிலிருந்து கிளவுஸ் போட்டுக்கொண்டு வர ரெண்டு ஹெவிவெயிட்டும் தயாரில்லை. வெற்றிவேல் வாயைத் திறந்து பேசிய ஒரே விஷயம் அதுதான்: “நான் அதுல போவ மாட்டேம்பா.”

ஜீவானந்தம் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். மணமகள் அறையில் ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது, கண்ணாடி ஆள் உயரம், பாத்ரூம் பெரிது என்பதைப் பார்த்துக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “என் பையன் அந்த ரூமுக்குப் போக மாட்டான். அவனைச் சம்மதிக்க வெக்கணும்னா அண்ணா, நீங்க ஒண்ணு விட்டுக் குடுக்கணும்” என்றார். சிட்டிபாபு யோசித்தார். அரை மணி நேரத்தில் பேரம் படிந்தது. பேனரில் வெற்றிவேல் பெயர் முதலில் இருக்கும், மணமகன் அறை அவனுக்கு. அசரியாவுக்கு மணமகள் அறை; ஆனால் கடைசியாக உள்ளே வருவது அவன்தான்.

விஷயத்தைக் கேட்ட அசரியா முதலில் முறைத்தான். ஏ.சி.யைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டான். “மாமா, உன்னைமாரி ஆளு கெடையாது” என்றான். ஜீவானந்தத்துக்கு உச்சி குளிர்ந்தது. அவர் மனசில் அதுவரை அசரியா ஜான்சியின் தம்பி. அன்றிலிருந்து தன் ஆள்.

கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். ஒப்பந்தப் பேப்பரை ரெண்டு நாள் முன்பே ஷ்யாம்சுந்தர் ரெண்டு வீரர்களுக்கும் அனுப்பியிருந்தார். கையெழுத்து ஆனதும் சிட்டிபாபு ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து, மேலே ஒரு கவர் வைத்து ஜீவானந்தத்திடம் நீட்டினார்.

“இன்னாண்ணா இது?” என்றார் ஜீவானந்தம்.

“எம் பக்கத்து ரெண்டு பர்சன்ட். கமிஷன் குடுக்காம இதுவரைக்கும் ஒரு காரியமும் பண்ணதில்ல ஜீவா. வாங்கிக்க.”

அவர்கள் ரெண்டு பேருக்கும் பல வருஷப் பழக்கம். சிட்டிபாபுவின் மனைகளில் பாதியை விற்றுக் கொடுத்தவர் ஜீவானந்தம். வாங்காமல் விட்டால் அவர் தப்பாக நினைப்பார். மச்சானிடம் போய்க் கமிஷன் கேட்க முடியாது, அது சொந்தம். ஆக, இந்தப் பக்கம் ஒரு பைசா வாங்காமல் அந்தப் பக்கம் மட்டும் வாங்கிக்கொண்டார். அத்தனை பேர் முன்னாலும்தான் வாங்கினார். ஷ்யாம்சுந்தர் பார்த்துக்கொண்டிருந்தார், ரெண்டு சங்கத்து ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அசரியா பக்கத்திலேயே நின்று தாம்பாளத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றான். யாருக்கும் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. நிலத்துக்காரர்கள் கூடிய இடத்தில் எப்படித் தோன்றும்?

ஆடிப்பெருக்கு அன்று சாயங்காலம் சண்டை. மண்டபத்துக்கு நடுவில் ரிங் கட்டியிருந்தார்கள். மணமேடையில் பிரமுகர்கள். மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில் சிட்டிபாபு மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். வெற்றிவேல் முதலில் வந்து ரிங்கில் நின்றான். அவன் நிற்க நிற்க, மணமகள் அறைக் கதவு திறக்கவேயில்லை. பொறுமை போய்க் கூட்டம் கத்த ஆரம்பித்த பிறகு அசரியா வெளியே வந்தான். அவனுக்கு முன்னால் தோளில் துண்டோடு ஜீவானந்தம். மைக்கில் ஒருவர், “வருகிறார் அசரியா! உடன் வருகிறார் அவருடைய மேனேஜர் ஜீவானந்தம்!” என்று அறிவித்தார். ஜீவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் மைக்கில் அவர் பெயரை யாரோ புரோக்கர் சேர்க்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

சண்டையை அவர் சரியாகப் பார்க்கவில்லை. அடிதடி அவருக்குப் பிடிக்காது. பேரத்தில் செய்வதுபோல, சிட்டிபாபுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ரவுண்டு. முதல் பாதியில் சிட்டிபாபு வெல்வெட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது ரவுண்டில் நிமிர்ந்தார். ஆறாவதில் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதே ஜீவானந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. கடைசி ரவுண்டில் ரெண்டு பேரும் அடிக்கத் தெம்பில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். பழைய சங்கத்து நடுவர் வெற்றிவேலுக்குப் போட்டார், புதுச் சங்கத்து நடுவர் அசரியாவுக்குப் போட்டார். பெங்களூரிலிருந்து வந்த மூன்றாவது நடுவரும் அசரியாவுக்குப் போட்டார். ரெண்டு பெல்ட்டையும் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு அசரியா அழுதான்.

மறுநாள் அந்த வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தானாம். தெருவில் ஜீவானந்தத்தைப் பார்த்துச் சில பேர், “மேனேஜர் சார்” என்றார்கள். பாதி கிண்டல்தான். அவருக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

இது ஒரு வாரம் நீடித்தது. அப்புறம் கூட்டுக் கமிட்டியிடமிருந்து தகவல் வந்தது. கமிட்டி போட்டபோது, கெத்தாக இருக்கட்டும் என்று எங்கேயோ வெளிநாட்டு விதிகளை எடுத்து அப்படியே வைத்திருந்தார்கள். யாரும் படித்ததில்லை. பழைய சங்கத்து வக்கீல் படித்துவிட்டார். ஒரு வீரரின் மேனேஜர் எதிர்த்தரப்பிடம் பணம் வாங்கினால் அந்தச் சண்டையின் முடிவு செல்லாது. புகாரில் கையெழுத்துப் போட்டிருந்தவர் சிட்டிபாபு. பணம் கொடுத்தவரே பணம் வாங்கினான் என்று புகார் கொடுத்திருந்தார்.

ஜீவானந்தம் போன் போட்டார். சிட்டிபாபு உடனே எடுத்தார்.

“மனசுல வெச்சுக்காத ஜீவா. பையன் சாப்பிடாம கெடக்கிறான், அவங்கம்மா என்னைப் போட்டுக் கொல்றா. வக்கீல் கையெழுத்துப் போடுன்னான், ஆடின்னுகூடப் பாக்காம போட்டேன். உம்மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. அந்த மூலை மனைக்குப் பார்ட்டி வந்தா இட்டுனு வா.”

இவரிடம் எப்படிக் கோபப்படுவது என்று ஜீவானந்தத்துக்குத் தெரியவில்லை. தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டார். முடிவு செல்லாது என்று ஆகிவிட்டால் பழைய கதைதான், ரெண்டு சாம்பியன். இன்னொரு சண்டைக்கு வழியில்லை. ஆவணி பிறந்துவிட்டால் மண்டபம் முழுக்கக் கல்யாண புக்கிங். அசரியாவின் முட்டியோ இப்போதே வீங்கிக் கிடக்கிறது. அவன் ஆயுசுக்கும் சம்பாதித்தது ஒரு கவரால், அதுவும் தன் கையில் இருந்த கவரால் போகப் போகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கியது வாங்கியதுதானாம், கேட்டுப் பார்த்துவிட்டார்.

யோசிக்க யோசிக்க ஒரு வழி தெரிந்தது. வில்லங்கமான மனையை விற்றுக் கொடுத்த மூளை அது, சும்மா இருக்குமா? விதியில் மேனேஜர் என்றுதான் போட்டிருக்கிறது. மேனேஜர் என்று எழுத்தில் எங்கேயும் ஒப்பந்தம் கிடையாது. மைக்கில் சொன்னதும் பேச்சுக்குச் சொன்னதுதான். அவர் மேனேஜரே இல்லை, சொந்தக்காரர், கூட வந்தார் என்று அசரியா சொல்லிவிட்டால் விதி அவரைத் தொடாது. சொந்தக்காரன் யாரிடம் எதை வாங்கினால் யாருக்கு என்ன?

காலையில் லாரிகளுக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போய் அசரியாவிடம் சொன்னார். போர் மோட்டார் இரைச்சலில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“அதெப்டி மாமா சொல்றது? நீதான எல்லாம் பேசி முட்ச்ச?”

“சொல்லித்தான் ஆவணும் மச்சான்.”

“நான் சொல்ல மாட்டேன் மாமா. போனா போவுது பட்டம்.”

அந்த மறுப்பைக் கேட்க ஜீவானந்தத்துக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று ஆசைப்பட்டு, “உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்” என்றும் சொல்லிப் பார்த்தார். அவன் இன்னொரு தடவையும் மாட்டேன் என்றான். அதற்கப்புறம்தான் உட்கார வைத்துப் புத்தி சொன்னார். “இது ஒரு வார்த்தை. பேரத்துல ஆயிரம் சொல்லுவோம். நான் உன் மேனேஜரா இல்லையான்னு நமக்குத் தெரியும். ‘அவரு மேனேஜர் இல்ல, சொந்தக்காரர், கூட வந்தாரு.’ இதை மட்டும் சொல்லு. மேல ஒண்ணும் பேசாத.” அசரியா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

விசாரணை மேற்குத் தாம்பரத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே உள்ள அறையில் நடந்தது. கமிட்டித் தலைவி சாவித்ரி ஒரு காலத்தில் பளு தூக்கியவர், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்குப் போய் ஓய்வு பெற்றவர். வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசுவார். ஒரு பக்கம் சிட்டிபாபுவும் வக்கீலும், இன்னொரு பக்கம் அசரியாவும் ஜீவானந்தமும். ஜன்னல் பக்கம் ரெண்டு சங்கத்து ஆட்களும் கும்பலாக நின்றார்கள்.

“ஜீவானந்தம் உங்க மேனேஜரா?” என்று சாவித்ரி கேட்டார்.

“இல்ல மேடம். சொந்தக்காரரு. கூட வந்தாரு” என்றான் அசரியா. சொல்லிக் கொடுத்தது அப்படியே வந்தது. ஜீவானந்தம் மூச்சை விட்டார்.

வக்கீல் விடவில்லை. “கூட வந்தவர் எதுக்குப் பர்ஸ் பேசினார்? ரூம் வரைக்கும் அவர்தானே பேசி முடிச்சார்?”

அசரியா திரும்பி மாமாவைப் பார்ப்பான் என்று ஜீவானந்தம் எதிர்பார்த்தார். இட்டுக்கட்டிச் சொல்கிற பார்ட்டி எப்போதும் புரோக்கர் முகத்தை ஒரு தடவை பார்க்கும், அவருக்குத் தெரியாததா? அசரியா பார்க்கவில்லை. சாவித்ரியை நேராகப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அவரு லேண்டு புரோக்கர் மேடம். யார் கூப்ட்டாலும் வந்து பேசுவாரு. இந்தப் பக்கமும் வாங்குவாரு, அந்தப் பக்கமும் வாங்குவாரு. அதான் அவரு பொழப்பு. அவரப் போயி யாராச்சும் மேனேஜரா வெச்சிப்பாங்களா? அவரு பேசினு வந்த பேப்பர, சைன் பண்றதுக்கு முன்னாடி நான் எங்க லாரி ஓனர்கிட்ட எத்துனு போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு நாளு வெச்சிருந்து படிச்சிப் பாத்துட்டு, ஒண்ணும் ஏமாத்து வேல இல்லன்னு அவரு சொன்ன அப்புறம்தான் சைன் வெச்சேன். இவர நம்பி வெக்கல. வேணும்னா ஓனர கூப்ட்டு கேளுங்க மேடம்.”

ஜன்னல் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல்கூட சிரித்துவிட்டார். ஜீவானந்தமும் சிரித்தார், பழக்கம். சிட்டிபாபு மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவித்ரி, லாரி ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டார். ஆமாம், பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான், ரெண்டு நாள் என்னிடம்தான் இருந்தது என்றார் அவர். போனை வைத்துவிட்டு சாவித்ரி இந்தப் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. இவர் சொல்றது சரியா? நீங்க இவருக்கு மேனேஜர் இல்லையா?”

ஜீவானந்தம் எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“அவன் சொல்றது அத்தனையும் சரி மேடம். நான் மேனேஜர் இல்ல. புரோக்கர்.”

கமிட்டி அரை மணி நேரம் பேசியது. சண்டையின் முடிவு செல்லும், அசரியாதான் ஒரே சாம்பியன், ரெண்டு சங்கமும் வேறு பெல்ட் எதையும் யாருக்கும் தரக் கூடாது என்று சாவித்ரி படித்தார். சிட்டிபாபு போகிறபோது ஜீவானந்தத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கீழே டயர் கடை வாசலில் புதுச் சங்கத்துப் பையன்கள் அசரியாவைத் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டு, மாலையை மட்டும் போட்டார்கள். அவன் கும்பலை விலக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“மாமா! எப்டி? நல்லா சொன்னேன்ல?”

“நல்லா சொன்ன மச்சான். நான் சொல்லிக் குடுத்ததவிட நல்லா சொன்ன.” பிறகு, “பேப்பர ஓனர்கிட்ட காட்டினது எனக்குத் தெரியாதே” என்றார்.

அசரியாவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. கழுத்து மாலையைச் சரிசெய்தான். “அது… சும்மா மாமா. ஒரு தபா படிச்சிப் பாத்துக்கலாம்னுதான்.”

“நல்ல காரியம் பண்ண. யார் குடுத்த பேப்பரா இருந்தாலும் படிச்சிப் பார்த்துட்டுதான் கையெழுத்துப் போடணும்.”

முப்பது வருஷமாக ஒவ்வொரு பார்ட்டியிடமும் ஜீவானந்தம் சொல்கிற வார்த்தை அது. சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டையோடு கழற்றி வைக்க வேண்டிய அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.